எக்ஸ் எழுதாமல் விட்ட நேரம்

கணக்குப் புத்தகத்தில் ஓடுகிற ரயிலுக்காக உண்மையாகவே கவலைப்பட்ட மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான். அவன் மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறான். நாங்கள் அவனை எக்ஸ் என்று கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. ஹால் டிக்கெட்டில் மட்டும் அது அச்சாகி வரும். மற்றபடி டீக்கடைக்காரரில் ஆரம்பித்து அவனுடைய அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவன் எக்ஸ்தான். "ஏன்டா எக்ஸு, சோறு ஆறுதுடா" என்று அந்த அம்மா கத்துவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற கூட்டத்தை மதுரைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நிழல் விழுகிற இடமெல்லாம் உட்கார்ந்திருப்போம். தமுக்கம் மைதானத்துப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் எங்களுடையது. குழுவில் மூன்றே பேர். ஆனையூரிலிருந்து நான், வில்லாபுரத்திலிருந்து எக்ஸ், அலங்காநல்லூரையும் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து பாண்டியம்மா. கோச்சிங் சென்டருக்குப் போக வசதியில்லாதவர்கள் எல்லோரும் செய்கிற வேலையைத்தான் நாங்களும் செய்தோம். பாடத்தைப் பங்கு போட்டுக்கொள்வது. ஒருத்தர் ஒரு பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும். வரலாறு எனக்கு. தமிழும் அறிவியலும் பாண்டியம்மாவுக்கு. கணக்கு எக்ஸுக்கு. அதிலும் 'காலமும் தூரமும்' என்றால் அவனுக்கு உயிர்.

உயிர் என்றால் சும்மா இல்லை. ஒருநாள் நான் ஒரு கணக்கை வாசித்தேன். ஒருவர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேருகிறார், ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் ஐந்து நிமிடம் முன்னதாகப் போய்விடுகிறார், தூரம் என்ன?

எக்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். "இவரு ஏன் மாப்ள நடந்து போறாரு?"

"போனா உனக்கென்னடா?"

"ஆபீஸ்ல வேலை பாக்குறவரு. பஸ்ஸுக்குக் காசு இல்லையா, இல்ல பஸ்ஸு வர்ற ஊரு இல்லையா? முதல் நாளு லேட்டாப் போயி திட்டு வாங்கியிருக்காரு. அதான் மறுநாளு அஞ்சுல நடந்திருக்காரு. பாவம்யா."

"டேய், கணக்கச் சொல்லுடா!"

அவன் பேனாவை எடுத்தான். "தூரம் தெரியலையா? தெரியாட்டா என்ன, எக்ஸ்னு வை. நாலுல நடந்தா எக்ஸ் பை நாலு மணி நேரம். அஞ்சுல நடந்தா எக்ஸ் பை அஞ்சு. அங்கிட்டு பத்து நிமிஷம், இங்கிட்டு அஞ்சு நிமிஷம், ஆக ரெண்டுக்கும் நடுவுல கால் மணி நேரம். அதுல இதக் கழிச்சா கால்." எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டான்.

"சரி, விடை?"

"எழுதியாச்சுல்ல. விடை அதுக்குள்ளதான் கெடக்கு. எங்க ஓடிறப் போகுது?"

இதுதான் அவனுடைய பெரிய வியாதி. பாடப்புத்தகம் 'இயற்கணிதக் கோவை' என்று சொல்வதை அவன் 'எக்ஸ்பிரஷன்' என்பான். அதை எழுதியதோடு அவனுக்கு ஜோலி முடிந்தது. பெருக்கி வகுத்து விடை கண்டுபிடிப்பதெல்லாம் அவனைப் பொறுத்தவரை கல்யாண வீட்டில் இலை எடுக்கிற வேலை. யாராவது செய்துகொள்வார்கள். நாலு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கச் சொல்லும் பரீட்சையில் இப்படி ஒரு ஆள் எப்படித் தேறுவான்? தேறவில்லை. ஒவ்வொரு தடவையும் கேள்வித்தாள் ஓரமெல்லாம் அழகழகாக எக்ஸ்பிரஷன் எழுதி வைத்துவிட்டு, விடைத்தாளைப் பாதி வெள்ளையாகக் கொடுத்துவிட்டு வருவான். வந்து டீக்கடையில் உட்கார்ந்து, "கேள்வியெல்லாம் நல்ல கேள்வி மாப்ள" என்பான். எனக்கு அவன் மண்டையிலேயே போடலாம் போலிருக்கும்.

இரண்டாவது வியாதி, தன் கண்ணால் பார்க்காத கணக்கை அவன் சொல்லித் தரமாட்டான். ரயில் பிளாட்பாரத்தைக் கடக்கிற கணக்கு வந்தபோது எங்களை ஜங்ஷனுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். பிளாட்பாரத்தின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவன், நடுவில் பாண்டியம்மா. ரயில் நுழைந்ததும் நான் கையைத் தூக்க வேண்டும். கடைசிப் பெட்டி தன்னைத் தாண்டியதும் அவன் தூக்குவான். தூக்கினோம். ஒரு போலீஸ்காரரும் லத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"யாருக்குடா சிக்னல் காட்டுறீங்க?"

"சிக்னல் இல்ல சார்," என்றான் எக்ஸ் பணிவாக. "ரயிலோட நீளத்தையும் பிளாட்பாரத்தோட நீளத்தையும் கூட்டிக்கிட்டு இருக்கோம்."

அவர் எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளா?" என்றார். ஆமாம் என்றதும் அவர் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது பாருங்கள், அடி விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் போனபிறகு எக்ஸ் பாண்டியம்மாவிடம் சொன்னான். "பாத்தியா? ரயிலு ஒரு எடத்தத் தாண்டணும்னா தன்னோட நீளத்தையும் சேத்துத்தான் இழுத்துக்கிட்டுப் போகணும். அதனாலதான் கூட்டுறோம்."

இந்தக் கூத்தெல்லாம் பாண்டியம்மாவுக்காகத்தான் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

பாண்டியம்மாவின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டி அவளை டிகிரி படிக்க வைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஏற்கெனவே ஒரு பரீட்சை போயிருந்தது. அவளுடைய அப்பா நல்ல மனுஷர்தான், ஆனால் வீட்டு நிலைமை அப்படி. "இந்த ஒரு தடவ எழுதுத்தா. இல்லேன்னா திருப்பூர் வேன்ல ஏறிரு" என்று சொல்லிவிட்டார். பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் அவர்கள் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அவளோடு படித்த இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே அதில் ஏறிப் போய்விட்டார்கள்.

தமிழில் அவளை அசைக்க முடியாது. அறிவியலிலும் அப்படித்தான். ஆனால் வாக்கியமாக வருகிற கணக்கைக் கண்டால் சிலையாகிவிடுவாள். "ரயிலு, பஸ்ஸுன்னு வந்தாலே எனக்கு மண்டைக்குள்ள எல்லாம் நின்னுருதுண்ணே" என்பாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ளும்.

"தெரியாததப் பாத்து நீ எதுக்கு நிக்கிற?" என்பான் எக்ஸ். "தெரியாததுக்கு ஒரு பேரு வை. பேரு வச்சுட்டா அது நம்ம வீட்டு ஆளு. வா, போ, இங்கிட்டு உக்காருன்னு அதட்டலாம்." கணக்கு வாத்தியார்கள் எத்தனையோ பேரிடம் படித்திருக்கிறேன். எக்ஸ் என்கிற அந்த எழுத்து எதற்காக இருக்கிறது என்று ஒருத்தராவது எனக்கு இப்படிச் சொன்னதில்லை.

எல்லாம் சரி, படகுக் கணக்கில் வண்டி நின்றுவிட்டது. ஆற்றோட்டத்தோடு போகிற படகு, ஆற்றோட்டத்தை எதிர்த்துப் போகிற படகு. பரீட்சைக்கு நிச்சயம் வரும். எக்ஸ் வைகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"தண்ணி இல்ல."

"வைகையில என்னைக்குடா தண்ணி இருந்துச்சு?"

"ஆத்துக்குள்ள பயலுக கிரிக்கெட் ஆடுறாய்ங்க. எருமை படுத்துக் கெடக்கு. பந்து போற வேகத்துக்கு வேணா எக்ஸ்பிரஷன் எழுதித் தாரேன். படகு கணக்கு, தண்ணி தொறந்து விட்டதுக்கு அப்புறம்தான்."

அடப்பாவி! அணை திறக்கிறவர்களுக்கும் எங்கள் பாடத்திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் கெஞ்சினேன், திட்டினேன், புத்தகத்தைத் தூக்கி அவன் மடியில் போட்டேன். ம்ஹூம். தினமும் சாயங்காலம் யானைக்கல் பாலத்தில் போய் நின்று, வராத தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தான். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பாண்டியம்மா நகத்தைக் கடித்துக்கொண்டே இருப்பாள்.

சித்திரைத் திருவிழா வந்தது. தேரோட்டத்தன்று காலையில் எக்ஸ் போன் செய்தான். "மாப்ள, ஆறு கெடைச்சுருச்சு. பாண்டியம்மாவக் கூட்டிக்கிட்டு மாசி வீதிக்கு வா."

போனோம். தேரோட்டத்தன்று மாசி வீதியில் நாம் நடக்க வேண்டியதில்லை என்பது ஊரறிந்த விஷயம். காலைத் தூக்கினால் போதும், கூட்டமே கொண்டுபோய்விடும். எக்ஸ் எங்கள் இருவர் கையையும் பிடித்து அந்தக் கூட்டத்துக்குள் இறக்கினான்.

"நம்மதான் படகு, நம்ம நடக்குறது பி. கூட்டம்தான் ஆறு, அது நகர்றது சி. இப்ப கூட்டத்தோட போறோம். என்ன வேகம்?"

"பி பிளஸ் சி!" என்றாள் பாண்டியம்மா. சொல்லி முடிப்பதற்குள் நாலு கடை தாண்டியிருந்தோம்.

"இப்பத் திரும்பு!"

திரும்பினோம். ஆத்தீ! முழங்கை விலாவில் இறங்குகிறது, யார் தலையிலிருந்தோ பூச்சரம் என் வாயில் நுழைகிறது. தேங்காய்ப்பழத் தட்டோடு வந்த ஒரு அம்மா எக்ஸின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளி, "ஏப்பா, தேரு அங்கிட்டு இருக்கு, நீ எங்கிட்டுப் போற?" என்றார். அவன் காலை முன்னால் எடுத்து வைக்க வைக்க, ஆள் பின்னால் போய்க்கொண்டிருந்தான். ஒரு செருப்பு போனது. இன்னொன்றும் போனது. முகமெல்லாம் பல்லாகக் கத்தினான். "மைனஸ்! மாப்ள, நான் மைனஸ்ல போறேன்டா!"

ஒருவழியாக ஒரு பாத்திரக்கடை ஓரத்தில் மூன்று பேரும் ஒதுங்கினோம். யாரோ நீர்மோர் கொடுத்தார்கள். பாண்டியம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, அப்புறம் திடீரென்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அப்ப, பி மைனஸ் சி. கூட்டத்தோட வேகம் நம்மள விடக் கூடுதலா இருந்தா, நம்ம முன்னாடி நடந்தாலும் பின்னாடிதான் போவோம். அதானேண்ணே?"

"அதான்."

"நடக்காம நின்னதா அர்த்தமில்ல."

"இல்லத்தா. நீ நடந்துக்கிட்டுத்தான் இருந்த. சி கூடுதல், அம்புட்டுத்தான்."

அவள் கையிலிருந்த மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. 'இத்தனை நாளா என்னத்தடா படிக்கிற?' என்று என் வீட்டில் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அன்றிலிருந்து அவள் படகுக் கணக்கில் நிற்கவில்லை. ரயில் கணக்கிலும் நிற்கவில்லை.

பரீட்சை வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நல்ல முகூர்த்த நாளும்கூட. எனக்கும் பாண்டியம்மாவுக்கும் ஆனையூர்ப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் சென்டர். எக்ஸுக்கு ஊரின் மறுகோடியில், வில்லாபுரத்திலேயே, அவன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். நான் சீக்கிரமே போய் வாசலில் நின்றேன். எட்டு மணி தாண்டியும் பாண்டியம்மாவைக் காணோம். போன் வந்தது.

"அண்ணே, பஸ்ஸு பாதி வழியில மக்கர் பண்ணி நின்னுருச்சு. எறங்குனவங்க எல்லாம் அங்கிட்டும் இங்கிட்டும் தொத்திப் போயிட்டாங்க. வர்றதெல்லாம் கல்யாண வண்டி, கைய நீட்டுனா ஒருத்தனும் நிறுத்த மாட்டேங்கிறான்."

என்னிடம் வண்டி கிடையாது. ஆட்டோக்காரர்களைக் கேட்டேன், எல்லாம் கல்யாண மண்டபத்துக்குப் பேசியாகிவிட்டது. வாசலில் நின்ற ஒரு அப்பாவிடம் வண்டியைக் கேட்டேன், அவர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கடைசியில் எக்ஸுக்குப் போன் போட்டேன். தெரிந்த ஆள் யாராவது இந்தப் பக்கம் வண்டியோடு இருப்பார்களா என்று கேட்கத்தான் போட்டேன். சத்தியமாக அதற்குத்தான்.

"எந்த எடத்துல இருக்கா?" என்றான். சொன்னேன்.

"நின்னுக்கிட்டா இருக்கா?"

"ஆமாடா."

"நிக்கச் சொல்லாத. சென்டரப் பாத்து நடக்கச் சொல்லு. எதிர் எதிரா வந்தா ரெண்டு பேரு வேகத்தையும் கூட்டணும், அவ நடக்குறதும் கணக்குல சேரும். நான் வாரேன்." வைத்துவிட்டான்.

பாண்டியம்மாவிடம் சொன்னேன். அவள் அழுதாள். "இம்புட்டு தூரம் நடந்து நான் எங்கிட்டுண்ணே போயிச் சேர?"

"நீ சேர வேணாம்த்தா. நீ நட. மிச்ச தூரத்த அவன் வருவான்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"தெரியாது."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, எக்ஸ்னு வச்சுக்கிறேன்" என்றாள். அப்புறம் போனில் அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவன் பழைய மொபெட்டின் வேகத்துக்கு முன்னால் அவள் நடை எம்மாத்திரம்? ஆனால் காவலாளி ஒரு பக்கக் கதவைச் சாத்திவிட்டு மறுபக்கத்தில் கை வைத்த நேரத்தில்தான் அந்த மொபெட் தெருமுனையில் திரும்பியது. அவள் நடக்காமல் அங்கேயே நின்றிருந்தால் அந்தக் கதவும் சாத்தியிருக்கும். பாண்டியம்மா குதித்தாள், ஹால் டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினாள், உள்ளே போய்விட்டாள். நான் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். எக்ஸ் வண்டியை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டேய், உன் சென்டர்?"

அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டான். "திரும்பிப் போற நேரத்த நான் எழுதவே இல்ல மாப்ள. எழுதியிருந்தா கெளம்பியிருக்க மாட்டேன்."

காவலாளி என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். வெளியே அவன் வெயிலில் உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பில் ஒரு கேள்வியும் ஒழுங்காக மண்டையில் ஏறவில்லை.

மத்தியானம் வெளியே வந்தால் எதிர்க்கடை பெஞ்சில் அவன் இருந்தான். "படகு வந்துச்சா?" என்று ஆவலாகக் கேட்டான். "வந்துச்சுண்ணே, போட்டுட்டேன்" என்று சிரித்தபடி வந்த பாண்டியம்மா பாதியில் நின்றாள். வில்லாபுரத்தில் பரீட்சை எழுதிவிட்டு இப்போதுதானே வெளியே வர வேண்டிய ஆள், எங்களுக்கு முன்னாடியே இங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறான்? காலையில் பதற்றத்தில் அவள் அதை யோசிக்கவே இல்லை.

"அண்ணே, நீ எழுதலையா?"

"எழுதுனா மட்டும் என்ன, விடை போடாமத்தான வந்திருப்பேன்."

அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவன் மேல் வீசினாள். "உன்ன எவன் வரச் சொன்னது? நான் கேட்டனா? நான் கேட்டனாய்யா?" நடுத்தெருவில் நின்று அழுதாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்த எனக்கு, அந்தக் கோபத்தைப் பார்த்ததும்தான் அவள் மேல் மரியாதை கூடியது. எக்ஸ் பாட்டிலை எடுத்து, மூடியைத் தேடிப் போட்டு அவளிடமே கொடுத்தான்.

பாண்டியம்மா பாஸாகிவிட்டாள். நான் வழக்கம்போல ஃபெயில்தான். இப்போது அவள் ஒரு தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர். திருப்பூர் வேன் அவள் வீட்டு வாசலில் நிற்பதில்லை. கடன் போட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பமரத்தடிக்கு வந்து எக்ஸின் எதிரில் உட்கார்ந்துகொள்வாள். "எக்ஸ்பிரஷன் எழுதிட்டீல்ல? இப்ப விடையப் போடு. போடாம எந்திரிக்கக் கூடாது" என்று மிரட்டி மிரட்டி, ஒரு வருஷமாக அவனைக் கூட்டவும் கழிக்கவும் வைத்தாள். அவன் மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு போடுவான்.

போன மாதம் மறுபடியும் பரீட்சை நடந்தது. எக்ஸுக்கு இந்தத் தடவையும் வில்லாபுரம்தான், கூப்பிடு தூரம். நடந்தே போய்விடலாம். ஆனால் பாண்டியம்மா விடியற்காலையிலேயே அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, ஊரை முழுசாகக் கடந்து அவன் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்திருக்கிறாள். "இந்தா இருக்கு சென்டர், இதுக்குப் போயி வண்டியா?" என்று அவன் சொல்ல, "பேசாம ஏறுண்ணே" என்று ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, அவன் பரீட்சை முடித்து வருகிற வரைக்கும் அந்த வாசலை விட்டு அசையவில்லையாம். அவனுடைய அம்மா என்னிடம் இதைச் சொன்னபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் அதே பரீட்சையை எழுதியிருக்கிறேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. இந்தப் பயல் என் பொறுமையைச் சோதித்ததுபோல வேறு யாரும் சோதித்ததில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ரிசல்ட் வருகிற அன்றைக்கு நான் முதலில் தேடப்போவது என் நம்பரை இல்லை, அவன் நம்பரைத்தான்.